ஓட்டத்தோடு பொத்தானும் தைக்கப் பழக்குகிறார்கள்: காட்பாடி – சித்தூர் சாலையில் ஒரு ராணுவப் பயிற்சி மையம்

காட்பாடியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியை எட்டுவதற்குச் சற்று முன்பாக, ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் நடத்தும் ராணுவ ஆள்சேர்ப்புப் பயிற்சி மையம் இருக்கிறது. மாந்தோப்பை ஒட்டிய மண் ஓடுதளம், தகரக் கூரை வேய்ந்த இரண்டு விடுதிக் கூடங்கள், ஒரு வகுப்பறை, ஒரு சமையல்கூடம், இவ்வளவுதான் மையம். என் தம்பி மகன் சென்ற பருவத்தில் இங்கே தங்கிப் பயின்றான். நான் மதராஸ் ரெஜிமென்டில் பணியாற்றியவன். இடையில் சில காலம் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் பயிற்சி மையத்தில் புதியவர்களைப் பழக்கும் பொறுப்பிலும் இருந்தேன். ஆகவே பையனைப் பார்க்கப் போன சாக்கில், இந்த இடத்தை ஒரு பழைய உஸ்தாதின், அதாவது படைப் பயிற்சியாளரின், கண்ணோடு பார்க்க முடிந்தது.

வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர்ப் பக்கங்களில் இத்தகைய மையங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் விற்பது ஒரே சரக்குதான். 1.6 கிலோமீட்டர் தூரத்தை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், பீம் எனப்படும் குறுக்குக் கம்பியில் 10 முறை மோவாய் மேலே வர ஏறினால் 40 மதிப்பெண், 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், வளைந்து செல்லும் கட்டையில் விழாமல் நடக்க வேண்டும். இவற்றை இந்த மையமும் குறையில்லாமல் சொல்லித் தருகிறது. ஓடுதளத்தைக் காலையில் நீர் தெளித்துச் சமன்படுத்துகிறார்கள். பீம் கம்பிகள் துருவில்லாமல் இருக்கின்றன. கடைசி நானூறு மீட்டரில் வேகத்தை எப்படிக் கூட்டுவது என்பதைப் பையன் பையனாக நிறுத்தி விளக்குகிறார்கள். இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

இந்த மையத்தைப் பிற இடங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது, தேர்வாகிப் பயிற்சிக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்பதை மனத்தில் வைத்து நடத்தப்படும் மாலை நேர வகுப்பு. ஆள்சேர்ப்பு முகாமில் தேறியவனுக்கு ஓடத் தெரியும் என்பது உறுதியாகிவிட்டது. படையின் பயிற்சி மையத்தில் முதல் மாதம் அவனை அழ வைப்பது ஓட்டம் அன்று. படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடிப்பது, கொசுவலையை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டுவது, தன் துணியைத் தானே துவைத்துக் காய வைத்து இஸ்திரி போடுவது, பூட்ஸில் முகம் தெரியப் பாலிஷ் ஏற்றுவது, நாள்தோறும் முகம் வழிப்பது ஆகியவைதான் அவனைப் பாடாய்ப் படுத்துகின்றன. இவற்றில் எதுவும் கடினமான வித்தையல்ல. ஆனால் தெரியாதவனுக்கு ஒவ்வொன்றும் தூக்கத்திலிருந்து அரை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. தூக்கம் குறைந்தவன் மறுநாள் டிரில் மைதானத்தில் தடுமாறுகிறான். ஒருவனது சட்டையில் பொத்தான் தொங்கினால் அவனுடைய செக்‌ஷன் (சிறு குழு) முழுவதும் சேர்ந்து தண்டனை வாங்குவது வழக்கம் என்பதால், கூட இருப்பவர்களின் வெறுப்பையும் அவன் சம்பாதித்துக்கொள்கிறான். நள்ளிரவில் ஊருக்குப் போகிறேன் என்று அழுத பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் ஓட்டத்தில் முன்னணியில் வந்தவர்கள்.

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்தக் குறை இன்னும் உறைக்கிறது. பயிற்சியும் சேர்த்து மொத்தப் பணியே நான்கு ஆண்டுதான்; முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர்தான் நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். மெல்லப் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டுப்பிடிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

மாலை வகுப்பு ஒன்றை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைய பாடம் பொத்தான் தைப்பது. ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு வந்த ஒரு பையன், வெர்னியரில் துல்லியமாக அளவெடுக்கத் தெரிந்தவன், ஊசிக் காதில் நூலைக் கோக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டான். பிறகு பொத்தானைத் துணியோடு ஒட்ட வைத்து இறுக்கித் தைத்துவிட்டு, "சார், நல்லா நிக்குது சார்" என்று நீட்டினான். சுபேதார் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "நிக்கிறது இருக்கட்டும், போட்டுக் காட்டுடா தம்பி" என்றார். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே இடமே இல்லாததால் அது காஜாவுக்குள் நுழைய மறுத்தது. அதன் பிறகுதான் அவர் தீக்குச்சி ஒன்றைப் பொத்தானின் மேல் குறுக்கே வைத்து, அதற்கு மேலாக நூலை ஓட்டி, குச்சியை உருவிவிட்டு, தளர்ந்த நூலின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போட்டுக் காட்டினார். பக்கத்தில் இருந்த இன்னொருவன் சட்டையின் முன்பக்கத்தையும் முதுகுப் பக்கத்தையும் சேர்த்தே தைத்துவைத்திருந்தான்; அவனை யாரும் திட்டவில்லை, பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னார்கள். தவறைச் செய்யவிட்டுப் பிறகு வழி காட்டும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. படையின் பயிற்சி மையங்களில் எங்களுக்கு இவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

கால் பராமரிப்புக்கும் தனியாக நேரம் ஒதுக்குகிறார்கள். செருப்பிலும் மெல்லிய ஸ்போர்ட்ஸ் ஷூவிலும் பழகிய பாதம் கனத்த பூட்ஸுக்குள் போனால் கொப்புளம் வராமல் இருக்காது. விரல் நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டுவது, ஈரக் காலில் சாக்ஸ் மாட்டாமல் இருப்பது, கொப்புளத்தின் மேல்தோலை உரித்தெடுக்காமல் விடுவது ஆகிய மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லவைக்கிறார்கள். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பாதங்களைப் பார்க்கிறார்கள். சலூனில் டிரிம்மர் மட்டுமே கண்ட கன்னங்களுக்கு ரேசர் பிடிக்கவும் கற்றுத் தருகிறார்கள். வீட்டில் வாஷிங் மெஷினும் அம்மாவும் செய்துவந்த வேலைகள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. வீட்டுக்கு ஒருவர் படையில் இருப்பதாகப் பெயர் பெற்ற நம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் அப்பாவோ தாத்தாவோ சொல்லித் தந்துவிடுவார்கள், மற்றவர்களுக்கு அந்த வசதியில்லை.

தமிழ்நாடு – ஆந்திர எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு தொல்லையை இவர்கள் கையாளும் விதத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். விடுதியில் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பிள்ளைகளோடு சித்தூர், பலமநேர், குப்பம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவனுக்குப் பெயரோடு ஓர் எழுத்து இனிஷியல். ஆந்திரச் சான்றிதழில் வீட்டுப் பெயர் முன்னால் முழுதாக நிற்கும். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு மற்றவை பொருந்தாவிட்டால் ஓடி ஜெயித்தவனும் சான்றிதழ்ச் சரிபார்ப்பில் நின்றுவிடுவான். சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாத் தாள்களையும் பரப்பிவைத்து, எந்த எழுத்து எங்கே வேறுபடுகிறது என்று பையனையே கண்டுபிடிக்கச் சொல்லி, திருத்த விண்ணப்பத்தையும் அவன் கையாலேயே எழுதவைக்கிறார்கள். அப்பாவின் பிறந்த தேதி தெரியாமலும், வங்கிப் பாஸ்புக்கைத் தானே திறந்து பார்த்திராமலும் வந்தவர்கள் பலர் என்று சுபேதார் சொன்னார். இருப்பிடச் சான்று ஆந்திராவுடையதாக இருந்தால் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் விண்ணப்பிக்க முடியாது, குண்டூர் அலுவலகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுகிறார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். இணையவழிப் பொது நுழைவுத் தேர்வுக்கான வகுப்பு மிகவும் சுமார். 2023 முதல் எழுத்துத் தேர்வு முதலிலும் உடல்தகுதித் தேர்வு பிறகும் வருவதால், கணக்கிலும் பொது அறிவிலும் தேறாதவனுக்கு ஓடுதளத்தில் கால் வைக்கவே வாய்ப்பு இராது. இங்கே பழைய வினாத்தாள்களை நகலெடுத்துக் கொடுத்து விடைகளை வாசிப்பதோடு சரி. அதற்கு வேலூரிலேயே தனி வகுப்புக்குப் போவது நல்லது. இந்தி வகுப்பும் அப்படித்தான்: எழுத்துகளை எழுதவைத்து நேரத்தைக் கழிக்கிறார்கள். புதியவனுக்குத் தேவை எழுத்தல்ல. உடம்பு சரியில்லை, துணி தொலைந்துவிட்டது, நீங்கள் சொன்னது புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லத் தெரியாமல் காய்ச்சலோடு அணிவகுப்பில் நின்றவர்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு.

மாதக் கட்டணம், விடுதியும் சாப்பாடும் சேர்த்து, 8,500 ரூபாய். சமையல்காரர் பலமநேர்க்காரர், பருப்பும் கோங்கூராத் துவையலும் அருமை. காரத்தைச் சற்றுக் குறைக்கலாம். வாரத்தில் மூன்று இரவு சப்பாத்தி போடுவது ருசிக்காக அல்ல, பழக்கத்துக்காக. அந்த மாவைப் பிசைவதும் பிள்ளைகள்தான். கைப்பேசியை இரவு ஒன்பது மணிக்கு வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். நீச்சலுக்கு எந்த ஏற்பாடும் இல்லை.

படையில் சேர விரும்புபவர்களுக்கு முன்தயாரிப்பு தேவை என்பது நம் ஊர்க் கவலை மட்டுமன்று. அமெரிக்கத் தரைப்படை 2022 ஆகஸ்டில் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் 90 நாள் வரை நீளும் தயாரிப்பு வகுப்பு ஒன்றைத் தொடங்கியது; உடல் எடையிலும் எழுத்துத் தேர்விலும் சற்றே பின்தங்கியவர்களைத் தேற்றுவது அதன் வேலை. அங்கே அரசு செலவிட்டுச் செய்வதை இங்கே பெற்றோர் பணம் கட்டிச் செய்துகொள்கிறோம் என்பதால்தான், கட்டும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பிளஸ் டூ முடித்து, வீட்டை விட்டு ஓர் இரவும் வெளியே தங்கியிராத பிள்ளையாக இருந்தால், எழுத்துத் தேர்வு முடிந்த கையோடு இரண்டு மாதம் இங்கே விடுவது மிகவும் பயன்படும். விடுதியில் தங்காமல் காலையில் மட்டும் வந்து ஓடிவிட்டுப் போகும் திட்டமும் உண்டு. அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, உங்கள் ஊர் மைதானமே போதும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது எழுத்துத் தேர்வு வகுப்புக்காக மட்டும் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வரும் தாய்மார்கள், வாரம் முழுவதும் சேர்ந்த அழுக்குத் துணியைப் பை பையாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய், அடுத்த வாரம் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தருகிறார்கள். சுபேதாரிடம் கேட்டதற்கு, "பசங்களை அதட்டலாம், அவங்க அம்மாங்களை அதட்ட முடியுமா அண்ணே?" என்றார். என் தம்பி மனைவியும் அந்த வரிசையில் நின்றவர்தான் என்பதால், நான் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.