ஒழுகிய மாஸ்டாவும் காக்கி புக்கிட் பட்டறையும்

மழை பெய்தாலே என் 2004 மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற மடக்கும் துணிக்கூரைக் காரில் இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட் சொதசொதவென்று ஊறிவிடும், நாற்றம் வேறு. ஓரிடத்தில் கூரைத்துணியையே மாற்றச் சொன்னார்கள், விலையைக் கேட்டுத் திரும்பிவிட்டேன்.

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் இந்தச் சின்னப் பட்டறை அண்ணன் என்னை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்து, கூரைமேல் மெதுவாகத் தண்ணீர் விட்டார். சீட் பெல்ட் பக்கத்து வடிகால் துளையில் மக்கிய இலையும் சேறும்! கீழே இறங்க வழியில்லாத மழைநீர் உள்ளே வழிந்திருக்கிறது. வளையும் ஒயரை விட்டு மெல்லக் குடைந்தார். "முரட்டுத்தனமாக் குத்தாதீங்க தம்பி, குழாய் கழன்றுடும்" என்றார்.

80 வெள்ளிதான். வாட்ஸ்அப்பில் மட்டும் பதில் வராது, நேரில் போங்கள். கார்ப்பெட் காய 3 நாள் ஆனது, வீட்டில் திட்டு எனக்கு.