பவுடரா, ஸ்ப்ரேயா? ஆறு வாரம் பாதிப் பாதி முகத்தில் போட்டுப் பார்த்தேன்

காலை ஏழரைக்குப் போட்ட மேக்கப் மதியம் ஒரு மணிக்குள் மூக்கோரத்தில் பிளந்து, நெற்றியில் எண்ணெய் மின்னி, மோவாயில் திட்டுத் திட்டாகக் கலைந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இந்தச் சோதனையில் இறங்கினேன். அதற்கு முன் மூன்று முறை ஃபவுண்டேஷனை, அதாவது முகம் முழுக்கப் பூசும் நிறப்பூச்சை, மாற்றிவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியாக மேலே என்ன போடுகிறோம், எவ்வளவு போடுகிறோம் என்பதில்தான் கோளாறு இருக்கும் என்று தோன்றியது. அதனால் ஆறு வாரம் ஒரே ஃபவுண்டேஷனை வைத்துக்கொண்டு, மேக்கப் கலையாமல் நிற்க அதன் மேலே போடும் பவுடரையும் ஸ்ப்ரேயையும் மட்டும் மாற்றினேன். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் இன்னொன்று. எல்லாம் வேலைக்குப் போகும் நாள்களில்தான், ஏனென்றால் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் எந்தப் பவுடரும் நன்றாகத்தான் நிற்கும். என் சருமம் கலப்பு வகை: நெற்றி, மூக்கு, மோவாயில் எண்ணெய் வடியும், கன்னம் வறண்டு கிடக்கும். நிறம் மாநிறம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், எனக்குச் சரிப்பட்டது எண்ணெய்ச் சருமக்காரருக்கோ முழு வறண்ட சருமக்காரருக்கோ அப்படியே பொருந்தாது.

முதலில் பெயர்க் குழப்பம். செட்டிங், ஃபினிஷிங் என்று இரண்டு விதமாக எழுதியிருப்பதை நானும் ரொம்ப நாள் ஒன்றென்றே நினைத்து வாங்கினேன். செட்டிங் பவுடர் எண்ணெயை உறிஞ்சும், ஃபவுண்டேஷன், கருவளையத்தை மறைக்கும் கன்சீலர் மாதிரிப் பசையான பொருள்களை நகரவிடாமல் பிடித்து வைக்கும். உள்ளே டால்க், சிலிக்கா, சோள ஸ்டார்ச் என்று ஏதாவது இருக்கும். ஃபினிஷிங் பவுடரில் ஒளியைச் சிதறடிக்கும் மைக்கா மாதிரியான துகள்கள் அதிகம், அது துளைகளையும் கோடுகளையும் மங்கலாக்கிக் காட்டும், தோற்றம் அழகாக இருக்கும், ஆனால் மேக்கப் கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்றால் அதை நம்ப முடியாது. ஸ்ப்ரேயிலும் இதே கதைதான். நிஜமான செட்டிங் ஸ்ப்ரேயில் காய்ந்ததும் மெல்லிய படலமாக மாறும் பாலிமர் இருக்கும், பிவிபி என்றோ அக்ரிலேட்ஸ் கோபாலிமர் என்றோ பட்டியலில் போட்டிருப்பார்கள், முடியைப் பிடித்து நிறுத்தும் ஹேர் ஸ்ப்ரேயிலும் இதே இனப் பொருள்கள்தான். அது இல்லாமல் தண்ணீர், கிளிசரின், செடிச் சாறு என்று மட்டும் இருந்தால் அது முகத்தை நனைத்துப் பவுடர் பூச்சைத் தணிக்கும் மிஸ்ட், வெறும் ஈரத் தெளிப்பு. மேக் நிறுவனத்தின் முதல் ஃபிக்ஸ் பிளஸ் இந்த இரண்டாவது வகை. எனக்கு அது மிகவும் பிடிக்கும், பவுடர் போட்டு முகம் மாவு பூசியது போல ஆகிவிட்டால் இரண்டு தெளிப்பில் சருமம் மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடும். ஆனால் நாள் முழுக்க நிற்க வைக்கும் வேலைக்கு வேறு பாட்டில் வேண்டும்.

பாட்டிலின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும் வரிசையில்தான் பொருள்களை எழுதுகிறார்கள், அதனால் முதல் ஐந்தாறு பெயர்களைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆல்கஹால் இரண்டாவது இடத்தில் இருந்தால் சீக்கிரம் காயும், பிடிப்பும் நன்றாக இருக்கும், வறண்ட கன்னத்தில் கொஞ்சம் இறுக்கும். கிளிசரின் மேலே இருந்தால் ஈரப்பதம், பளபளப்பு.

சரி, பவுடருக்கு வருகிறேன். ஆறு வாரத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இதில்தான்.

'டிரான்ஸ்லூசென்ட்' என்ற சொல்லை நம்பி ஒரு டப்பா வாங்கினேன், பெயரைச் சொல்லவில்லை. நிறமே இருக்காது, எல்லா நிறத்தவருக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தார்கள். போட்ட அரை மணியில் கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்தது போல ஆகிவிட்டது. மாநிறத்துக்கும் அதைவிடக் கறுப்பான நிறத்துக்கும் இது அடிக்கடி நடக்கிறது, வெள்ளைத் துகள் மேலே உட்கார்ந்தால் சருமத்தின் மஞ்சள் கலந்த இயல்பான நிறத்தை அது கொன்றுவிடும். அதன் பிறகு லேசான மஞ்சள் அல்லது தேன் நிறச் சாயல் உள்ள பவுடருக்கு மாறினேன். லாரா மெர்சியரின் லூஸ் செட்டிங் பவுடரில் வழக்கமானது போக ஹனி என்று ஒன்றும், மீடியம் டீப் என்று ஒன்றும் இருக்கின்றன. டால்க் அடிப்படையிலான, விரலில் தேய்த்தால் இருப்பதே தெரியாத அளவு மெல்லிய பவுடர். ஹனியை இடப்பக்கமும் என் பழைய வெள்ளைப் பவுடரை வலப்பக்கமும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றபோது, ஒரே முகத்தில் ஒரு பக்கம் தூங்கி எழுந்தது போலவும் இன்னொரு பக்கம் காய்ச்சலில் கிடந்தது போலவும் இருந்தது. நிறச் சாயல் விஷயத்தில் தயவுசெய்து சமரசம் செய்துகொள்ளாதீர்கள், உங்கள் நிறத்துக்குச் சாயல் கிடைக்காவிட்டால் ஃபவுண்டேஷன் நிறத்திலேயே வரும் பவுடரை மெல்லிசாகப் போடுங்கள்.

அடுத்தது ஃபிளாஷ் விவகாரம். முழுக்க சிலிக்காவால் ஆன பவுடர்கள் எண்ணெயை அபாரமாக உறிஞ்சும், கண்ணாடியில் பார்த்தால் முகம் பட்டு மாதிரி இருக்கும். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு அப்படி ஒன்றைக் கண்ணுக்குக் கீழே தாராளமாகப் போட்டுக்கொண்டு போனேன். மறுநாள் படங்கள் வந்தன, எல்லாவற்றிலும் கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பிறைகள். கேமரா ஃபிளாஷின் ஒளி அந்தத் துகள்களில் பட்டு அப்படியே திரும்புவதால் வருவது இது, கண்ணாடியில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. இப்போது படம் எடுக்கும் இடத்துக்குப் போவதென்றால் கிளம்பும் முன் விளக்கை அணைத்துவிட்டு, போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுகிறேன். சிலிக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, மூக்கிலும் நெற்றி நடுவிலும் சிட்டிகை அளவு போட்டால் எந்தத் தொந்தரவும் இல்லை.

எப்படிப் போடுகிறோம் என்பது எதைப் போடுகிறோம் என்பதைவிட முக்கியம் என்று மூன்றாம் வாரத்தில் தெரிந்தது. பிரஷ்ஷால் மேலாகத் தடவிய பக்கம் நான்கு மணி நேரத்தில் மின்னியது. அதே பவுடரை வெல்வெட் பஃபில் (பவுடர் ஒற்றும் மெத்தென்ற துணித் திண்டு) எடுத்து, பஃபை இரண்டாக மடித்துக் கசக்கிப் பவுடரை உள்ளே ஏற்றி, மிச்சத்தைப் புறங்கையில் தட்டிவிட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி அழுத்திய பக்கம் ஏழு மணி நேரம் தாண்டியது. தேய்த்தால் கீழே இருக்கும் ஃபவுண்டேஷன் நகரும், அழுத்தினால் அதோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் காரணம். கன்னத்துக்குப் பவுடரே தேவைப்படவில்லை, பஃபில் மிஞ்சியதை லேசாக ஒற்றினால் போதும். கண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன வேலை இருக்கிறது: கன்சீலர் போட்ட சில நிமிடங்களில் கோட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும், அதை விரல்நுனியால் தட்டிச் சமன் செய்துவிட்டு, மேலே பார்த்தபடி உடனே பவுடரை அழுத்துங்கள். கோடு விழுந்த பின் அப்படியே பவுடர் போட்டால் அந்தக் கோடு நாள் முழுக்க அங்கேயே உறைந்து நிற்கும்.

பேக்கிங் என்று பவுடரைக் குவியலாகப் போட்டு ஐந்து, பத்து நிமிடம் விட்டுத் துடைக்கும் முறையையும் பார்த்தேன். மேடையில் பலத்த விளக்குக்குக் கீழே ஆடுபவர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை அது, அங்கே அதற்கு அர்த்தம் இருக்கிறது. என் கன்னத்தில் மதியத்துக்குள் நிலம் வெடித்தது போல ஆயிற்று. மூக்கோரத்தில் மட்டும் மூன்று நிமிடம் விடுகிறேன், அங்கே நன்றாகவே பிடிக்கிறது.

ஸ்ப்ரேயைப் பற்றிச் சொல்லவேண்டிய முதல் விஷயம், அது எண்ணெயை நிறுத்தாது. நான் நான்கு ஸ்ப்ரே போட்டுப் பார்த்தேன், பவுடர் இல்லாமல் ஸ்ப்ரே மட்டும் அடித்த நெற்றி நான்கிலும் மூன்று மணி நேரத்துக்குள் மின்னிவிட்டது. ஸ்ப்ரேயின் வேலை வேறு: மேக்கப் கைபட்டு, போன்பட்டு, காலர் உரசி அழியாமல் காப்பது, தனித்தனி அடுக்காகத் தெரிவதை ஒன்றாக்குவது. அர்பன் டிகேயின் ஆல் நைட்டரை 16 மணி நேரம் நிற்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அவ்வளவு நேரம் நான் மேக்கப்போடு இருந்ததில்லை, ஆனால் என் கன்னத்தில் பத்து மணி நேரம் ப்ளஷ், அதாவது கன்னச் சிவப்பு, நகராமல் நின்றது, மாலையில் வெள்ளை டிஷ்யூவை ஒற்றி எடுத்தால் லேசான தடம்தான் வந்தது, ஸ்ப்ரே இல்லாத கன்னத்தில் டிஷ்யூ முழுக்க நிறம். பெரிய பாட்டில் 118 மி.லி., 30 மி.லி. அளவிலும் வருகிறது, முதல் முறை வாங்குபவர்கள் சின்னதையே வாங்குங்கள். கைப்பையில் வைத்து விமானத்தில் கொண்டுபோகவும் அதுதான் வசதி, பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள்.

வேறொரு ஸ்ப்ரே, அதற்கும் பெயர் வேண்டாம், உள்ளே இருக்கும் திரவம் அருமை, மூடி மட்டும் மோசம். பனி மாதிரி வராமல் சொட்டுச் சொட்டாக விழுந்து, விழுந்த இடமெல்லாம் ஃபவுண்டேஷனில் வட்டப் புள்ளி. ஸ்ப்ரே வாங்கும்போது முடிந்தால் ஒரு முறை காகிதத்தில் அடித்துப் பாருங்கள், ஈரம் ஒரே சீராகப் படர வேண்டும், புள்ளி புள்ளியாக இருந்தால் விட்டுவிடுங்கள். அடிக்கும்போது முகத்திலிருந்து 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு, நான்கைந்து தெளிப்பு. அப்புறம் காயும்வரை பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, கை வைக்கவே கூடாது. படலம் காயும் நேரத்தில் முகத்தை அசைத்தபோதெல்லாம் எனக்கு உதட்டோர மடிப்பில் கோடு விழுந்திருக்கிறது.

கடைசி இரண்டு வாரம் இரண்டையும் சேர்த்துப் போட்டேன், அதுதான் வென்றது. ஃபவுண்டேஷன் முடிந்ததும் இரண்டு தெளிப்பு ஸ்ப்ரே, காய்ந்த பின் நெற்றி, மூக்கு, மோவாயில் மட்டும் பஃபால் பவுடர், ப்ளஷ் எல்லாம் முடித்துக் கடைசியில் நான்கு தெளிப்பு. காலை ஏழரைக்குப் போட்டது மாலை ஆறு மணிக்கு மூக்கோரத்தில் மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு முறை, இரண்டரை மணி வாக்கில், நெற்றியைத் தொட்டேன். அப்போதும் முதலில் எண்ணெய் ஒற்றும் தாள், அதன் பிறகுதான் பவுடர். எண்ணெய் மேல் நேராகப் பவுடர் போட்டால் இரண்டும் குழைந்து பசையாகிவிடும், பலரும் மதியத்தில் 'கேக் ஆகிவிட்டது' என்று சொல்வது இதைத்தான். வியர்வை என்றாலும் அப்படியே, டிஷ்யூவால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள்.

இதெல்லாம் அடியில் இருப்பது காய்ந்திருந்தால்தான். மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் ஊறாமல் வழுவழுவென்று இருக்கும்போதே மேக்கப்பைத் தொடங்கினால் மேலே எதை அடித்தாலும் வழுக்கிக்கொண்டு வரும். நான் பத்து நிமிடம் விடுகிறேன்.

முழுக்க வறண்ட சருமம் உள்ள என் தோழிக்கு இந்த முறையைச் சொன்னேன், அவளுக்கு ஒத்துவரவில்லை, முகம் இறுகிப்போனது. அவள் இப்போது கண்ணுக்குக் கீழேயும் மூக்கோரமும் தவிர வேறெங்கும் பவுடர் போடுவதில்லை, ஸ்ப்ரேயும் ஆல்கஹால் இல்லாதது. அவளுடைய மேக்கப் என்னுடையதைவிட நன்றாக நிற்கிறது, எண்ணெயே வராத சருமத்துக்கு உறிஞ்சும் பொருள் எதற்கு?

உதிரியான லூஸ் பவுடரா, அழுத்திக் கட்டியாக்கிய காம்பாக்டா என்று கேட்டால், வீட்டில் லூஸ், பையில் காம்பாக்ட். லூஸ் மெல்லிசாக உட்காரும், ஆனால் பறக்கும், மூச்சை அடக்கிக்கொண்டு போடுங்கள். காம்பாக்ட் மேல்பரப்பில் முக எண்ணெய் ஒட்டி ஒரு நாள் கல் மாதிரி ஆகி, பஃபில் ஏறவே ஏறாது. ஒட்டு நாடாவை மேலே ஒட்டி உரித்தால் அந்தப் படலம் வந்துவிடும். பஃபை வாரம் ஒரு முறை கழுவுகிறேன். டப்பாவின் பின்னால் மூடி திறந்த ஜாடி படத்தில் 12எம் என்று இருந்தால் திறந்த பின் 12 மாதம் என்று பொருள், நான் திறந்த தேதியை அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஹனி பவுடர் தீர்ந்தால் மறுபடி அதையே வாங்குவேன், ஆல் நைட்டர் சின்ன பாட்டில் ஏற்கெனவே இரண்டாவது ஓடுகிறது. இரவில் அதைக் கழற்ற வெறும் ஃபேஸ்வாஷ் போதவில்லை, முதல் வாரமே நெற்றியில் சிறு பருக்கள் வந்தன. இப்போது முதலில் கிளென்சிங் ஆயிலைக் காய்ந்த முகத்தில் ஒரு நிமிடம் தேய்த்துவிட்டு, அப்புறம் ஃபேஸ்வாஷ் போடுகிறேன், பருக்கள் நின்றுவிட்டன.