தையல் லைனில் ரூலா படிவம்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பனியன் கம்பெனிகளில் கழுத்து, தோள்பட்டை, மணிக்கட்டு பாதிப்புக்கான ஆபத்தை அளக்க எளிதில் கைக்கு வருவது ரூலா (RULA) படிவம். உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் வளைவைப் பார்த்து எண் போட்டு, அட்டவணைகள் வழியாக ஒரே எண்ணாகச் சேர்ப்பது இதன் முறை; எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் லின் மெக்காட்டம்னியும் நைஜல் கார்லெட்டும் 1993இல் வெளியிட்டது. ஆடைத் தொழிற்சாலைகளில் துணி வெட்டுவோர், தைப்போர், நூல் கத்தரிப்போர், செக்கிங், பேக்கிங் ஆட்கள் ஆகியோரைக் கவனித்தே அதன் ஒரு பகுதியை உருவாக்கினார்கள். அதனால் திருப்பூர் லைனுக்கு இது அந்நியக் கருவி அல்ல. ஒரே தாள், செலவு கிடையாது. ஆனால் தொடர்ந்து பயன்படுத்தும்போது அதன் பெரிய ஓட்டை தெரியவரும். உடல் எப்படி வளைந்திருக்கிறது என்பதை நன்றாகப் பார்க்கும் இந்தப் படிவம், எத்தனை மணி நேரம் அப்படி வளைந்திருக்கிறது என்பதைக் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை.

முதல் தவறு படம் எடுப்பதிலேயே நடக்கிறது. நடைபாதையில் நின்றபடி சாய்வாக எடுத்த போட்டோவில் கோணம் அளந்தால் தப்பாகத்தான் வரும். போன் டெய்லரின் நேர் பக்கவாட்டில், தோள் உயரத்தில் இருக்க வேண்டும். கை வெளியே விரிவது தெரியப் பின்புறமிருந்து இன்னொரு வீடியோ வேண்டும். தைப்பவரிடம் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் எடுத்து, அடிக்கடி வரும் நிலையையும் மிக மோசமான நிலையையும் தனித்தனியாக மதிப்பிடுங்கள். கழுத்தின் கோணத்தை முதுகுக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். தரைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால், முதுகு 15 டிகிரி சாய்ந்திருப்பவருக்குக் கழுத்திலும் அந்த 15 சேர்ந்துவிடும். கோணத்தைத் தானே கணக்கிடும் போன் செயலிகளை இந்த வேலைக்கு நம்ப முடியவில்லை. சேலைக்கு மேல் மாட்டிய சட்டை இடுப்பை மறைக்கிறது, துணி மணிக்கட்டை மறைக்கிறது. செயலி ஊகித்துத்தான் எண் கொடுக்கிறது.

துணி விளிம்பைப் பிசிறாமல் தைக்கும் ஓர் ஓவர்லாக் மிஷினை எடுத்துக்கொள்வோம். தோளிலிருந்து முழங்கை வரையான மேல்கை 30 டிகிரி முன்னால் இருக்கிறது: 2. உடலை விட்டு வெளியே விரிந்திருப்பதற்கு 1 சேர்த்து 3. முழங்கை ஏறக்குறைய 90 டிகிரி மடங்கியிருக்கிறது: 1. மணிக்கட்டு 10 டிகிரி மேல்நோக்கி மடங்கிப் பக்கவாட்டிலும் திரும்பியிருக்கிறது: 3. மணிக்கட்டு முறுக்கு: 1. படிவத்தின் முதல் அட்டவணை இதற்கு 4 தருகிறது. நிமிடத்துக்கு நாலு தடவைக்கு மேல் அதே அசைவு வருவதால் 1 கூட்டி, கைப்பகுதிக்கு 5. கழுத்து 20 டிகிரிக்கு மேல் குனிந்திருக்கிறது: 3. முதுகு 20 டிகிரிக்குள்: 2. வலது கால் பெடலில், இடது கால் பின்னால் மடங்கி: 2. இரண்டாம் அட்டவணையில் 4, அசையாமல் பிடித்திருப்பதற்கு 1 கூட்டி 5. மூன்றாம் அட்டவணையில் இரண்டையும் சேர்த்தால் 6. ஆராய்ந்து விரைவில் மாற்று என்பது இதன் பொருள். 7 வந்தால் உடனே மாற்ற வேண்டும்.

படிவத்தின் உண்மையான பயன் இதற்குப் பிறகுதான். 6 என்று எழுதிக் கோப்பில் போட்டுவிடாமல், எந்தப் பெட்டியை மாற்றினால் எண் நகர்கிறது என்று பாருங்கள். கழுத்தை மட்டும் 20 டிகிரிக்குள் கொண்டுவந்தால் 5. காலை மட்டும் சரிசெய்தாலும் 5. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 4. கூடவே கை விரிவதையும் மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்புவதையும் நீக்கினால் 3. முதுகுக்கு நல்ல சாய்மானம் கொடுத்துப் பார்த்தால், கழுத்தும் காலும் சரியான பிறகு எண் அசைவதே இல்லை. அதற்காக நாற்காலி வேண்டாம் என்று முடிவெடுப்பது பெருந்தவறு. சாய்மானமில்லாத ஸ்டூலில் நாள் முழுக்க உட்காரும் இடுப்புக்கு அது தேவை. அட்டவணையின் படிகள் பெரிது, சிறு நன்மைகள் அதில் தெரியாது.

கழுத்து குனிவதற்குக் காரணம் பெரும்பாலும் டேபிள்தான். ஊசி அருகே தையலைப் பார்க்க வேண்டும், டேபிள் தாழ்வாகவும் தட்டையாகவும் இருக்கிறது, தலை தானாகக் கீழே போகிறது. டேபிளை முழங்கை உயரத்தைவிட 5 செ.மீ.யாவது உயர்த்தி, தைப்பவர் பக்கம் 10 டிகிரி சாய்த்தால் பார்வைக் கோணம் மாறும். 55 செ.மீ. ஆழமுள்ள டேபிளுக்குப் பின்விளிம்பு முன்விளிம்பைவிட ஏறக்குறைய 10 செ.மீ. உயர வேண்டும். இதில் மூன்று சிக்கல்கள் வரும். சாய்ந்த டேபிளில் வெட்டுத்துணி மடியில் சரியும், முன்விளிம்பில் சிறு பட்டை அடிக்க வேண்டும். எண்ணெய் ஒருபக்கம் தேங்கும், மெக்கானிக் பார்க்காமல் சாய்க்கக் கூடாது. மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள்: டேபிள் உயர்ந்தால் நாற்காலியும் உயரும், பெடல் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். அப்போது கால் எட்டாமல் விளிம்பில் உட்காருவார்கள், கழுத்து பழையபடி குனியும். பெடலையும் நகர்த்தி, இடது காலுக்கு அதே உயரத்தில் ஒரு பலகை வையுங்கள்.

கோணங்களின் எல்லை இன்னொரு தொல்லை. கழுத்து 18 டிகிரி என்றால் 2, 22 என்றால் 3. கண் அளவில் இந்த வித்தியாசத்தை யாரும் பிரிக்க முடியாது. இரண்டு பேர் தனித்தனியே எண் போட்டு, மாறுபடும் இடத்தில் வீடியோவைத் திரும்பப் பார்ப்பது ஒன்றே வழி. படிவத்தின் பிரதிகளும் ஒத்துப்போவதில்லை. அசையாமல் பிடிப்பது என்பதை மூலத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் என்கிறார்கள், புழக்கத்தில் உள்ள சில தாள்களில் பத்து நிமிடம் என்று இருக்கிறது. தொடக்கத்திலும் மாற்றத்துக்குப் பின்னும் ஒரே தாளைப் பயன்படுத்தாவிட்டால் ஒப்பீடு செல்லாது.

இனி நேரம். ஒரு மணி நேரம் தைப்பவருக்கும் ஒன்றரை ஷிப்ட் தைப்பவருக்கும் ரூலா ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். பீஸ் ரேட் வேகம், இடைவேளை எதுவும் அதில் ஏறாது. பிசிறு வெட்டும் பெண்களுக்கு இது பெரிய அநியாயம், அவர்களுடைய உடல் வளைவு பார்ப்பதற்கு மோசமாக இருக்காது. அங்கே கை, மணிக்கட்டு சுமையை அளக்க 1995இல் மூரும் கார்கும் உருவாக்கிய ஸ்ட்ரெய்ன் இண்டெக்ஸ் இதைவிடப் பொருத்தம். ஆறு காரணிகளைப் பெருக்கும் முறை, அதில் ஒன்று நாளுக்கான வேலை நேரம். லேசான விசை 1, ஒரு சுற்று வேலையில் 30 முதல் 49 சதவீத நேரம் விசை கொடுத்தால் 1.5, நிமிடத்துக்கு 20 வெட்டுக்கு மேல் 3, மணிக்கட்டு நிலை நன்றாகவும் வேகம் சுமாராகவும் இருந்தால் தலா 1. எட்டு மணி நேரத்துக்கு 4.5, எட்டைத் தாண்டினால் 6.75. ஏழைத் தொட்டால் ஆபத்து. அதே வேலையில் கட்டர் மழுங்கி விசை ஒரு படி ஏறினால் 1 என்பது 3 ஆகும். எட்டு மணி நேரத்திலேயே 13.5 வரும். கட்டரைத் தீட்டுவதும் மாற்றுவதும் இங்கே மருந்து மாத்திரையைவிட முக்கியம்.

கட்டிங் ஹாலில் துணி ரோல் தூக்குவதற்கு, எவ்வளவு எடை தூக்கலாம் என்று கணக்கிடும் தூக்குச் சமன்பாடு இருக்கிறது; தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலம் பற்றி ஆராயும் அமெரிக்க அரசின் நயோஷ் (NIOSH) நிறுவனம் தந்தது. 23 கிலோவிலிருந்து தொடங்கிக் குறைத்துக்கொண்டே போகும். 22 கிலோ ரோல், உடலிலிருந்து 40 செ.மீ. தள்ளி, 20 செ.மீ. உயரத்திலிருந்து 90 செ.மீ.க்கு, சரியான பிடி இல்லாமல், எப்போதாவது ஒருமுறை என்றால் பரிந்துரை எடை 9.5 கிலோதான் வரும். ரோலை 75 செ.மீ. ரேக்கில் வைத்து, 30 செ.மீ. நெருக்கத்தில் எடுத்தால் 17 கிலோவுக்கு ஏறும். அப்போதும் ரோல் கனம் அதிகம். இருவர் சேர்ந்து தூக்குவதற்கு இந்தச் சமன்பாடு பொருந்தாது, எடையைப் பாதியாக்கிப் போட்டுப் பார்க்கக் கூடாது.

எந்த எண்ணுக்கும் முன்னால் ஆட்களிடம் கேட்க வேண்டும். 1987இல் வந்த நார்டிக் வினாத்தாள் கழுத்து முதல் கணுக்கால் வரை ஒன்பது பகுதிகளைப் பற்றி, கடந்த 12 மாதங்கள், கடந்த 7 நாட்கள் என்று கேட்கிறது. அதை அப்படியே வாசித்து வலி இருக்கிறதா என்றால் பலர் இல்லை என்பார்கள். வலி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவு என்று நினைக்கிறார்கள். உளைச்சல், குடைச்சல், பிடிப்பு, கை மரத்துப்போவது, ராத்திரி விரல் விறுவிறுப்பது என்று தனித்தனியாகக் கேட்டால் பதில் மாறுகிறது. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது, டீ நேரத்தைக் கேள்விக்கு எடுக்கவும் கூடாது.

டேபிளையோ பெடலையோ மாற்றிய அன்றே எண் போடாதீர்கள். இரண்டு வாரம் பழகட்டும். பழைய பழக்கத்தில் இடது கால் மறுபடி பின்னால் மடங்கியிருக்கும், அதைப் பார்த்துத்தான் பலகையின் இடத்தை நிர்ணயிக்க வேண்டும். ஸ்டைல் மாறும்போதும் புதிதாக வீடியோ எடுங்கள். டி-ஷர்ட் தோள் இணைப்பில் 3 வந்த அதே மிஷின், கனமான பேன்ட் துணிக்கு மாறிய வாரமே 5 காட்டலாம்.