ரப்பரை ஒட்டியே தருகிறேன் என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள்

டேபிள் டென்னிஸ் போட்டி ஒன்றில் முதல் ஆட்டத்துக்காக மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நடுவர் என் பேட்டை வாங்கிப் பார்த்தார். சிவப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பினார். கறுப்புப் பக்கத்தில், கைப்பிடிக்குச் சற்று மேலே, விரலை வைத்து நிறுத்தினார். "இதில் ஐ.டி.டி.எஃப். முத்திரை பாதிதான் இருக்கிறது, எண் எங்கே?" என்று கேட்டார். ஐ.டி.டி.எஃப். என்பது சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு, அது அங்கீகரித்த ரப்பரில்தான் அந்த முத்திரை இருக்கும். எனக்குப் பதில் தெரியவில்லை. பேட்டின் மேல்முனையையும் காட்டினார். மரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் சுருங்கி, ஓரத்தில் மரம் தெரிந்தது. "இதை வைத்து ஆட முடியாது, வேறு பேட் கொண்டு வாருங்கள்" என்றார்.

நண்பர் ஒருவரின் பேட்டை இரவல் வாங்கி ஆடினேன், தோற்றேன். மூன்று மாதம் காலையில் எழுந்து பயிற்சி செய்துவிட்டுப் போன போட்டி அது. அந்தக் கறுப்பு ரப்பரை வாங்கி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. புதியது என்று சொல்லி, புதியதற்கான முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

விற்றவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் செய்த முறையை மட்டும் எழுதுகிறேன். அந்த முறை தெரிந்தால், யார் செய்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

நான் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆடுகிறவன். ரெடிமேட் பேட்டில் ஆடி ஆடி, சரி, இனி மரமும் ரப்பரும் தனித்தனியாக வாங்கலாம் என்று முடிவு செய்தேன். விற்பவர் நன்றாகப் பேசினார். எத்தனை வருடமாக ஆடுகிறீர்கள், ஃபோர்ஹேண்ட் எப்படி, பேக்ஹேண்ட் எப்படி என்று அக்கறையாகக் கேட்டார். கடைசியில் ஃபோர்ஹேண்டுக்கு ஒரு கறுப்பு ரப்பர், பேக்ஹேண்டுக்கு ஒரு சிவப்பு ரப்பர் என்று அவரே தேர்ந்தெடுத்தார். கறுப்பு, சீன அணி வீரர்கள் ஆடும் அதே வகை, மேற்பரப்பு பிசுபிசுவென்று பந்தில் ஒட்டும். "சார், இது 40 டிகிரிதான். ஜெர்மன் ரப்பர் எல்லாம் 47, 48. அதைவிட இது மெத்தென்று இருக்கும், உங்களுக்கு இதுதான் சரி" என்றார்.

இதுதான் முதல் பொய். ரப்பர் என்பது இரண்டு அடுக்கு: பந்து படும் மேல்தாள், அதற்கு அடியில் ஸ்பாஞ்ச். அந்த டிகிரி ஸ்பாஞ்சின் கடினத்தைக் குறிக்கும். ஸ்பாஞ்சின் கடினத்தை அளக்க எல்லோரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை. சீன ரப்பரில் 39, 40, 41 என்று போட்டிருப்பது வேறு அளவுகோல், ஜெர்மன் தயாரிப்பில் 42, 47, 50 என்று இருப்பது வேறு. ஜப்பான் தயாரிப்புகளில் 36 என்றும் 40 என்றும் பார்ப்பீர்கள், அது மூன்றாவது. சீன 40 என்பது ஜெர்மன் கணக்கில் சுமார் 50ஐத் தொடும், அதாவது நல்ல கடினம். இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துச் சின்ன எண் மென்மையானது என்று சொல்பவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, இல்லை, உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்திருக்கிறது.

கடினமான ஸ்பாஞ்ச் ஏன் எனக்கு ஆகாது என்பதையும் அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். பந்து ரப்பரில் பட்டதும் மேல்தாளோடு சேர்ந்து ஸ்பாஞ்சுக்குள் அமுங்க வேண்டும். அமுங்கினால்தான் ரப்பர் பந்தைப் பிடித்துச் சுழற்றும். ஸ்பாஞ்ச் கடினமாக இருந்தால், அதை அமுக்கும் அளவுக்குக் கை வேகமாக வர வேண்டும். தினமும் பல மணி நேரம் ஆடுபவர்களுக்கு அந்த வேகம் இருக்கிறது. அவர்கள் கையில் அது பெரிய ஆயுதம். என்னைப் போன்றவர்கள் வீசினால் பந்து மேலோட்டமாகப் பட்டு வலையில் விழும்.

ஆனால் முதல் இரண்டு வாரம் பந்து வலையில் விழவில்லை! அதுதான் என்னை நம்ப வைத்தது. பந்தை முன்னோக்கிச் சுழற்றி டாப்ஸ்பின் அடித்தால் டக்கென்று ஒரு சத்தம், பந்து பாய்ந்தது. விற்றவர் சொன்னது உண்மை என்றே நினைத்தேன். கிளப்பில் இரண்டு பேருக்கு அவரைப் பரிந்துரையும் செய்தேன். அதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாம் மாறியது. சத்தம் போனது. அதே வீச்சுக்குப் பந்து நீளம் குறைந்து வந்தது. சர்வீஸில் சுழற்சியே இல்லை. என் கையில்தான் ஏதோ தப்பு என்று இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்தேன், தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் போட்டி.

போட்டி முடிந்த மறுநாள் கிளப்பில் மூத்த ஆட்டக்காரர் ஒருவரிடம் பேட்டைக் கொடுத்தேன். பல வருடமாகத் தானே ரப்பர் ஒட்டிக்கொள்பவர். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, ஐந்து வார ரப்பர் நடுவில் இப்படி மங்காது" என்றார். அப்புறம் கைப்பிடிப் பக்க மூலையிலிருந்து மெதுவாக உரித்தார். அடியில் இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஸ்பாஞ்சின் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குப் பசை. கீழ் அடுக்கு மஞ்சளாகப் பழுத்திருந்தது. ஏற்கெனவே ஒருமுறை பிய்த்து எடுத்ததில் ஸ்பாஞ்ச் அங்கங்கே குழி குழியாகப் பெயர்ந்திருந்தது. விரலில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

நடந்தது இதுதான் என்று அவர் விளக்கினார். யாரோ ஆடித் தேய்த்த ரப்பர். பெரிய பேட்டிலிருந்து எடுத்தது. பழைய ரப்பரில் கைப்பிடிக்கு மேலே, விரல் படும் இடம்தான் முதலில் பளபளத்துக் கிழியும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சிறிய பேட்டுக்கு அளவாக நறுக்கியிருக்கிறார்கள். ஐ.டி.டி.எஃப். முத்திரையும் எண்ணும் அச்சிட்டிருப்பது சரியாக அந்த இடத்தில்தான், அதனால்தான் பாதி போய்விட்டது. ஒட்டுவதற்கு முன் ஸ்பாஞ்சில் பூஸ்டர் என்ற எண்ணெயைப் பூசியிருக்கிறார்கள். எண்ணெய் குடித்த ஸ்பாஞ்ச் உப்பும், இளகும், மேல்தாளை இழுத்துப் பிடிக்கும். செத்த ரப்பருக்கும் சில நாள் உயிர் வரும். எண்ணெயின் வேலை தீர்ந்ததும் ஸ்பாஞ்ச் சுருங்கிவிடும். மேல்முனையில் மரம் தெரிந்தது அதனால்தான். கல்லாக இருக்க வேண்டிய ஸ்பாஞ்ச் முதல் இரண்டு வாரம் மெத்தென்று இருந்ததற்கும் அந்த எண்ணெய்தான் காரணம்.

பூஸ்டர் போட்ட ரப்பர் போட்டி விதிப்படியும் செல்லாது. அங்கீகாரம் பெற்ற ரப்பரை எந்த வேதிப்பொருளும் பூசாமல், வந்தது வந்தபடியே பயன்படுத்த வேண்டும் என்பதே விதி. ஆவியாகும் கரைப்பான்கள் கலந்த ஸ்பீட் குளூ என்ற பழைய வகைப் பசைக்கு 2008லேயே தடை வந்துவிட்டது. ஸ்பாஞ்ச், மேல்தாள், பசை எல்லாம் சேர்த்து 4 மி.மீ. தாண்டக் கூடாது என்பது 1959லிருந்து இருக்கும் எல்லை. உப்ப வைத்த ரப்பர் அதையும் தாண்டக் கூடும். பெரிய போட்டிகளில் இவற்றைக் கருவி வைத்தே அளக்கிறார்கள்.

விற்றவருக்குப் படங்கள் அனுப்பினேன். "ஒட்டிய ரப்பரைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

யோசித்துப் பாருங்கள், ஒட்டியது யார்? அவர்தான். "நீங்கள் சிரமப்பட வேண்டாம், இலவசமாக ஒட்டி, ஓரம் வெட்டி, ஆடத் தயாராகத் தருகிறேன்" என்று சொன்னவர் அவர். அந்த உதவிதான் முழு மோசடியையும் தாங்கி நிற்கிறது. ஒட்டிவிட்டால் ஸ்பாஞ்சின் அடிப்பக்கத்தை நீங்கள் பார்க்க முடியாது. தடிமனை அளக்க முடியாது. உறையைக் கேட்டால் "அது அங்கேயே போய்விட்டது" என்பார். திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. நேர்மையாக ஒட்டித் தரும் கடைக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. நேர்மையானவர் உங்கள் கண் முன்னால் உறையைப் பிரிப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிய ரப்பர் உறைக்குள் முழுச் சதுரமாக, வெட்டாமல் வரும். முத்திரையும், அதன் பக்கத்தில் சிறு கட்டத்துக்குள் கோடு போட்டுப் பிரித்த எண்ணும் கீழ்ப்பகுதியில் தெளிவாக இருக்கும். அந்த எண்ணில் முதல் பகுதி நிறுவனத்தைக் குறிக்கும், அடுத்தது அந்த ரப்பரை. ஐ.டி.டி.எஃப். இணையதளத்தில் அங்கீகரித்த ரப்பர்களின் பட்டியல் இருக்கிறது, அதில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். எண் பட்டியலில் இருப்பதாலேயே அசல் என்று ஆகிவிடாது, போலி செய்பவர்கள் எண்ணையும் அச்சிடுகிறார்கள். ஆனால் எண்ணும் ரப்பரின் பெயரும் பொருந்தாவிட்டால் அங்கேயே திரும்பிவிடலாம். அப்புறம் ரப்பரை லேசாக வளைத்து, மேல்தாளுக்கு அடியில் இருக்கும் சின்னச் சின்னக் குமிழ்களின் வேரைப் பாருங்கள். ஆடித் தேய்ந்ததென்றால் நடுப்பகுதியில் அந்த வேர்கள் வெளுத்து விரிசல் விட்டிருக்கும். ஸ்பாஞ்சின் அடிப்பக்கம் சுத்தமாக, பசை படாமல் இருக்க வேண்டும். சில ரப்பர்கள் தொழிற்சாலையிலிருந்தே ஒரு சீரான பசைப் பூச்சோடு வரும். அது வேறு, திட்டுத் திட்டான பழைய பசை வேறு. பார்த்தாலே தெரியும்.

ஒட்டுவது பெரிய வித்தை என்று நானும் பயந்திருந்தேன். கிளப்பின் அந்த மூத்த ஆட்டக்காரர் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீரில் கரையும் பசையை மரத்திலும் ஸ்பாஞ்சிலும் மெல்லிசாகத் தடவ வேண்டும். வெள்ளைப் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி தெளியும்வரை கை வைக்கக் கூடாது. பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான். பிறகு கைப்பிடிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, இழுக்காமல் உருட்டிப் பதிக்க வேண்டும். இழுத்து ஒட்டினால் பின்னால் சுருங்கும். கூர்மையான கத்தியால் ஓரத்தை வெட்டினால் வேலை முடிந்தது.

சிவப்பு ரப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அசல்தான், புதியதுதான். ஆனால் அதுவும் எனக்கானது இல்லை. மேக்ஸ் என்று போட்ட, ஆகத் தடிமனான ஸ்பாஞ்ச். எதிராளியின் சர்வீஸை லேசாகத் தொட்டாலே பந்து மேசைக்கு வெளியே போகும். உறையில் வேகம் இத்தனை, சுழற்சி இத்தனை, கட்டுப்பாடு இத்தனை என்று போட்டிருக்கும் எண்களைக் காட்டித்தான் அதையும் விற்றார். அந்த எண்கள் ஒவ்வொரு நிறுவனமும் தன் தயாரிப்புகளுக்குத் தானே போட்டுக்கொள்பவை. ஒரு நிறுவனத்தின் 10ஐ இன்னொரு நிறுவனத்தின் 10ஓடு ஒப்பிட வழியே கிடையாது.

எடையையும் யாரும் சொல்வதில்லை. தடிமனான, கடினமான ரப்பர் வெட்டிய பிறகும் ஒரு பக்கத்துக்கு 50 கிராம் வரை வரும். மென்மையான, சற்று மெல்லிய ரப்பர் 40க்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 20 கிராம் வித்தியாசம், அதுவும் கையிலிருந்து தள்ளி, பேட்டின் தலைப்பகுதியில். என் பேட் 190 கிராம் இருந்தது. என் தோள்பட்டை வலிக்குப் பாதிக் காரணம் அது என்றே நினைக்கிறேன்.

இப்போது நான் ஆடுவது இரண்டு பக்கமும் நடுத்தர மென்மையுள்ள ரப்பர், ஸ்பாஞ்ச் தடிமன் ஃபோர்ஹேண்டில் 2.0 மி.மீ., பேக்ஹேண்டில் 1.8. பேட் 172 கிராம். யாசாகா மார்க் ஃபைவ் மாதிரி, 1969லிருந்து ஆடிவரும் பழைய வகை ரப்பர்களைக் கேட்டால் விற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வாரத்தில் சில நாள் ஆடுபவருக்கு அவை தாராளமாகப் போதும் என்பது என் உறுதியான கருத்து. பந்து எங்கே போகிறது என்று நாம் தீர்மானிக்க முடிகிறது. சிறுவர்களுக்கு வாங்குபவர்கள் 1.5 அல்லது 1.8க்கு மேல் போகாதீர்கள், நல்ல பழக்கம் கெட்டுப்போகும். வயதானவர்களிடம் "லாங் பிம்பிள்ஸ் போட்டால் சர்வீஸ் எடுப்பது சுலபம்" என்று சொல்லி விற்கிறார்கள். நீளமான குமிழ்கள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வகை அது. வரும் சுழற்சியை அப்படியே திருப்பி அனுப்பும் ரப்பர், தனியாகப் பழக வேண்டிய ஆட்டம். ஒருவரிடம் கடன் வாங்கி ஒரு வாரமாவது ஆடிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

என்னைப் போலவே அந்த விற்பனையாளரிடம் வாங்கிய இன்னொருவர் சென்ற வாரம் தன் பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதிலும் முத்திரை பாதி. விற்றவருடைய விளம்பரம் இன்னமும் இருக்கிறது. அதில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசையாக எட்டுப் பேட்டுகள், எல்லாம் ஒட்டி, ஓரம் வெட்டி, பளபளவென்று. ஒரு உறைகூடப் படத்தில் இல்லை.