ஏஎம்5-ஆ, எல்ஜிஏ1700-ஆ: வீட்டு கம்ப்யூட்டருக்கு நான் ரைசன் பக்கம் போன கதை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே எங்கள் வீட்டில் புது கம்ப்யூட்டர் பேச்சு வந்துவிட்டது. பழைய பெட்டியில் இருந்தது இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை ஏற்றுக்கொள்வதில்லை. குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம்தான். ஆனால் மனைவியின் கணக்கு வேலையும் ஜிஎஸ்டி தாக்கலும் அதே பெட்டியில் நடக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கைக்கு வந்தவை இரண்டு கொட்டேஷன்கள். ஒன்று இன்டெலின் ஐ5-12400, பி760 மதர்போர்டு (ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ1700), டிடிஆர்4 ராம். மற்றது ஏஎம்டியின் ரைசன் 5 7600, பி650 போர்டு (சாக்கெட் ஏஎம்5), டிடிஆர்5 ராம். கேபினெட், எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி), எஸ்எஸ்டி இரண்டிலும் ஒன்றே. இன்டெல் பக்கம் பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமாகும். நான் ரைசனை எடுத்தேன். கீழே வருவதை அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன், அப்படியே படியுங்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். டாலி, எக்ஸெல், முப்பது டேப் திறந்த குரோம் எல்லாவற்றையும் இரண்டும் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். கேம்களில் 7600 முன்னால் போகும், அதுவும் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டுமே பெட்டியில் கூலரோடு வருகின்றன, இரண்டிலும் திரையை ஓட்டுமளவு உள்கிராபிக்ஸ் இருக்கிறது. பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்த உள்கிராபிக்ஸ் இருக்காது. கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று 12400எஃப் வாங்கிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்று முழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைக்காரர் இன்டெலின் ஐ5-14400-ஐயும் நீட்டினார். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்களில் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் காலப்போக்கில் நிலைதடுமாறிய விவகாரம் 2024-இல் பெரிதாக வெடித்தது. இன்டெல் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள்நிரல்) திருத்தங்கள் வெளியிட்டு, பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வாரண்டியை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. அந்தப் பட்டியல் 13600கே, 14600கே தொடங்கி மேலே போகிறது. 14400 அதில் இல்லை, 12-ஆம் தலைமுறைக்கும் இந்தப் பிரச்சினைக்கும் தொடர்பில்லை. ஆக, பயந்துபோய் இன்டெலைத் தள்ளவில்லை. என் காரணம் வேறு, அது சாக்கெட்.

ப்ராசஸர் உட்காரும் இடம் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்ற கேள்வி, வாங்கும் அன்று யாருக்கும் பெரிதாகப் படாது. இரண்டு நிறுவனங்களின் கடந்த பத்தாண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். இன்டெல் 2015-இல் எல்ஜிஏ1151 கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் அதற்கு 200 வரிசை போர்டுகள் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது. பின் எண்ணிக்கை அதே 1151, ஆனால் அந்தப் போர்டுகளில் ஓடாது, 300 வரிசை போர்டு வேண்டும். 2020-இல் எல்ஜிஏ1200. 2021 கடைசியில் எல்ஜிஏ1700. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசைக்காக எல்ஜிஏ1851.

ஏஎம்டி பக்கம் இதே காலத்தில் இரண்டே சாக்கெட். 2017-இல் முதல் ரைசன்கள் உட்கார்ந்த ஏஎம்4-இல் 5000 வரிசை வரை உட்கார்ந்தது. 2022 செப்டம்பரில் ஏஎம்5 வந்தது. அதற்குப் பிறகும் ஏஎம்4-க்குப் புதுச் சரக்கு நிற்கவில்லை, 5700எக்ஸ்3டி 2024 ஜனவரியில் வந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் 2017-இல் பி350 போர்டில் ரைசன் 5 1600 போட்டார். இன்று அதே போர்டில் ரைசன் 5 5600 ஓடுகிறது. பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) மாற்றினார், ப்ராசஸர் மாற்றினார், பழையதை ஓஎல்எக்ஸில் தள்ளிவிட்டார். ப்ராசஸரைத் தவிர எதையும் கழற்றி மாட்டவில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் என்னை ஏஎம்5 பக்கம் தள்ளியதில் அப்கிரேடு ஆசை பாதிகூட இல்லை. சொல்லப்போனால், அப்கிரேடு செய்யப்போகிறேன் என்று வாங்குபவர்களில் பலர் செய்வதே இல்லை. என் கணக்கு ரிப்பேர் சார்ந்தது.

நம் ஊர் வீடுகளில் ப்ராசஸர் சாவது அபூர்வம். சாவது போர்டு. மின்சாரம் ஏறி இறங்குவது, ஃபேன் இழுத்து உள்ளே சேர்க்கும் தூசி, மழைக்காலத்து ஈரம், இடி விழும்போது பிராட்பேண்ட் வயர் வழியாக உள்ளே வரும் அதிர்ச்சி என்று போர்டைக் கொல்ல ஆயிரம் வழிகள் இருக்கின்றன. போர்டு வாரண்டி பெரும்பாலும் மூன்று ஆண்டு. நான்காவது ஆண்டோ ஐந்தாவது ஆண்டோ போர்டு போகிறது என்று வையுங்கள். ப்ராசஸர் நன்றாக இருக்கிறது, ராம் நன்றாக இருக்கிறது. தேவை ஒரே ஒரு போர்டு. அந்தச் சாக்கெட்டுக்கு நல்ல கம்பெனிகள் போர்டு செய்வதை நிறுத்தியிருந்தால் மூன்று வழிகள்தான்: யாரோ கழற்றி விற்ற பழைய போர்டு, பெயர் கேள்விப்படாத பிராண்டில் பழைய சிப்செட் போட்ட புதுப் போர்டு, இல்லையென்றால் ப்ராசஸர், போர்டு, ராம் மூன்றும் புதிதாக. பெரும்பாலான வீடுகளில் மூன்றாவதுதான் நடக்கிறது. ஐயாயிரம் ஆறாயிரத்தில் முடிய வேண்டிய வேலை முப்பதாயிரத்தைத் தொடுகிறது.

ஏஎம்4-இல் இந்தப் பிரச்சினை வரவில்லை. ஏஎம்5 வந்து ஆண்டுகள் ஆன பிறகும் பி450, பி550, ஏ520 போர்டுகள் கடைகளில் புதிதாக, வாரண்டியோடு, முன்னணிப் பெயர்களிலேயே கிடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு சாக்கெட்டுக்குப் புது ப்ராசஸர் வரும்வரை அதற்குப் போர்டு செய்வதில் கம்பெனிகளுக்கு லாபம் இருக்கிறது, அவ்வளவுதான் இதன் சூட்சுமம். ஏஎம்5-க்கு 2027-க்கும் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி 2024-இல் அறிவித்தது. எல்ஜிஏ1700-இன் கணக்கோ 12, 13, 14-ஆம் தலைமுறைகளோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது, இன்டெலின் புதுச் சரக்கு அடுத்த சாக்கெட்டுக்குப் போய்விட்டது.

இதை வைத்து ஏஎம்டியை நல்லவன் என்று சொல்ல வரவில்லை. 2020 மே மாதம் ரைசன் 5000 வரிசை 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தவர்கள் இவர்கள்தான். வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் சில நாட்களில் பின்வாங்கினார்கள். த்ரெட்ரிப்பர் என்ற விலை உயர்ந்த ப்ராசஸர் வரிசைக்கு 2019-இல் கொண்டுவந்த எஸ்டிஆர்எக்ஸ்4 சாக்கெட்டை ஒரே தலைமுறையோடு கைவிட்டதும் இவர்கள்தான், அத்தனை விலை கொடுத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆகவே 2027 என்ற வாக்கை எழுத்தில் உள்ளபடி மட்டும் நம்புகிறேன். அதற்கு மேல் எத்தனை ஆண்டு வந்தாலும் எனக்கு உபரி லாபம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 12400-உம் அதற்கான எச்610 போர்டும் நம் ஊர் அலுவலகங்களுக்கு ஏராளமாகப் போயிருக்கின்றன. எல்ஜிஏ1700 போர்டு சந்தையில் அத்தனை சீக்கிரம் வறண்டுவிடாமலும் போகலாம். ஐந்து ஆண்டு கழித்துப் பழைய போர்டு வாங்குவதில் உங்களுக்குத் தயக்கம் இல்லை என்றால் என் வாதத்தின் பலம் பாதியாகக் குறைகிறது. எனக்குத் தயக்கம் உண்டு. பழைய போர்டை எத்தனை பேர் கழற்றி மாட்டினார்கள், சாக்கெட்டில் எந்தப் பின் வளைந்திருக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

மறுவிற்பனையில் இன்டெலுக்கு ஒரு சின்ன மேல்கை இருக்கிறது. சேலத்தில் பழைய கம்ப்யூட்டர் வாங்க வருபவர் 'ஐ5-ஆ, ஐ7-ஆ' என்றுதான் கேட்கிறார். ரைசன் என்றதும் ஒரு நொடி யோசிக்கிறார். சர்வீஸ் செய்யும் பையன்களிலும் பலருக்கு இன்டெல்தான் கைப்பழக்கம். முழுப் பெட்டியாக விற்கும்போது இது உண்மையான குறை. ஆனால் ப்ராசஸரை மட்டும் கழற்றி விற்றால் கதை மாறுகிறது, சாக்கெட் உயிரோடு இருக்கும்வரை அதைத் தேடி யாராவது வருகிறார்கள்.

இன்டெலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் முதல் ஆள். புது கேமராக்கள் எடுக்கும் 10-பிட் 4:2:2 எச்இவிசி (நிறத் தகவல் கூடுதலாக உள்ள ஒரு வீடியோ வடிவம்) வீடியோவை இன்டெலின் உள்கிராபிக்ஸ் 11-ஆம் தலைமுறையிலிருந்தே ஹார்டுவேரில் பிரித்துக் கொடுக்கிறது. 7600-இன் உள்கிராபிக்ஸுக்கு அது தெரியாது. என்விடியாவிலும் 50 வரிசை கார்டுகளில்தான் அது வந்தது. அந்த ஃபைல்களை டைம்லைனில் போட்டுத் தேய்ப்பவருக்கு சாக்கெட் ஆயுளைப் பற்றி நான் பேசுவது வீண் பேச்சு. நான் வீடியோ வேலை செய்வதில்லை, எனவே எத்தனை வித்தியாசம் தெரியும் என்பதற்கு அந்தத் தொழிலில் இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

மின்சாரத்தையும் சிலர் கேட்கிறார்கள். சும்மா இருக்கும்போது ரைசன் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அதன் உள்ளே தனித்தனிச் சில்லுகளாக இருப்பதால் வரும் குணம் அது. 15 வாட் கூடுதல், நாளுக்கு 10 மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் இரண்டு மாத பில்லில் 9 யூனிட். இலவச யூனிட்களைத் தாண்டி எங்கோ நிற்கும் வீட்டில் இது ஒரு பொருட்டே இல்லை.

ஏஎம்5-இன் தொல்லைகளையும் சொல்கிறேன். முதல்முறை ஆன் செய்யும்போது பல நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். ராமைப் பழக்கப்படுத்திக்கொள்கிறது என்று தெரியாதவர் போர்டு செத்துவிட்டது என்று கடைக்கு ஓடுவார். பயாஸ் மாற்றினாலும் ராம் மாற்றினாலும் இதே கூத்து திரும்ப நடக்கும். அடுத்து, நான்கு ராம் போடும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். 7600-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ராமுக்கு 5200, நான்கு போட்டால் 3600. இப்போது 16 ஜிபி போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பவர் இரண்டு 8 போடாமல் ஒரே 16 போட்டு, அடுத்த ஆண்டு ஜோடி சேர்க்கலாம். ஒற்றை ராமில் வேகம் கொஞ்சம் அடிபடும், டாலிக்கு அது தெரியாது. கூலர் சேலத்து மே மாதத்தில் எப்படி இரைகிறது என்பதை இன்னும் ஒரு கோடை பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்வேன்.

இனி, ராம் விலை. 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ சர்வர்களுக்காக நினைவகக் கம்பெனிகள் உற்பத்தியைத் திருப்பியதில் ராம் விலை தலைதெறிக்க ஏறியது. நான் வாங்கியது அதற்கு முன். இன்று அதே இரண்டு கொட்டேஷனை நீட்டினால் இடைவெளி அந்த பத்தாயிரத்துக்குள் நிற்காது. பழைய கம்ப்யூட்டரில் 16 ஜிபி டிடிஆர்4 சும்மா இருப்பவருக்கு ராம் செலவே இல்லாத 12400, பி760 டிடிஆர்4 போர்டு ஜோடியைத்தான் நானே சொல்வேன். ஏஎம்4-இல் 5600 எடுத்தாலும் தவறில்லை, அந்த ராம் அதிலும் உட்காரும். சாக்கெட் செத்துவிட்டதே என்று அவர் கவலைப்பட வேண்டியதில்லை, அவர் செலவழிப்பதே குறைவு. ராமையும் புதிதாக வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்குத்தான் ஏஎம்5.

அப்படி எடுப்பதாக இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டோ உள்ளூர்க் கடையோ, பெட்டி உடைக்காத ப்ராசஸர்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். பெட்டியில்லாமல் 'ட்ரே' என்று தரும் சரக்கில் சில நூறு மிச்சமாகும், வாரண்டி அந்தக் கடைக்காரரின் வாய்ச்சொல்லில் தொங்கும். போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ராசஸர் இல்லாமலேயே பென்டிரைவில் பயாஸ் மாற்ற அது உதவும், மூன்று ஆண்டு கழித்துப் புது ப்ராசஸர் போடும் அன்று அதன் அருமை தெரியும். மிச்சப் பணத்தை ஒளிரும் ராமில் போடாமல் எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். சதுர அலை தரும் மலிவு யுபிஎஸ்களோடு சில புது எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துப்போவதில்லை, கரண்ட் போன நொடியில் பெட்டி அணைந்துவிடும். வீட்டில் இருக்கும் யுபிஎஸ் என்ன வகை என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.