ட்ரைஅவுட்டுக்கு ஆறு வாரம்: பேக் ஹேண்ட்ஸ்பிரிங் வராத பிள்ளைக்கு எந்த வழி?

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் சியர்லீடிங் அணிக்கான தேர்வு, அதாவது ட்ரைஅவுட், வசந்த காலத்தில் நடக்கிறது. ஆட்டத்தின்போது முழக்கமும் தாவலும் குட்டிக்கரணமுமாகத் தம் பள்ளி அணியை உற்சாகப்படுத்துவதுதான் சியர்லீடிங். டெக்சஸில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள், உயர்நிலைப் பள்ளி அணிக்கான ட்ரைஅவுட்டுக்குப் பெயர் கொடுத்தபோது ஆறு வாரமே மிச்சமிருந்தது. கை அசைவுகளும் குரலும் தாவல்களும் அவளுக்குக் கைவந்திருந்தன. பின்பக்கமாகத் தாவி, கைகளை ஊன்றி, மறுபடி காலில் வந்து நிற்கும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் மட்டும் வரவில்லை. அந்த ஆறு வாரத்தில் எங்கள் முன் இருந்த வழிகளை, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஜிம்மில் நடக்கும் குழு வகுப்பு. நாங்கள் சேர்ந்த இடத்தில் ஒரு மணி நேர வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். வரிசையில் நிற்கும் நேரம் போக, என் மகளுக்கு அந்தப் பயிற்சியைச் செய்து பார்க்க ஆறேழு வாய்ப்புகளே கிடைத்தன. ஆனாலும் குழு வகுப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பிரிட்ஜ் (உடலைப் பின்னோக்கி வில்லாக வளைத்துக் கையும் காலும் ஊன்றுவது), ஹேண்ட்ஸ்டாண்ட் (கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்பது), சரிவான மெத்தையில் பின்னோக்கிப் புரளுதல் என்று அடியிலிருந்து கட்டிவருவதால் தோளும் மணிக்கட்டும் மெல்ல மெல்ல உறுதிப்படுகின்றன. அவகாசம் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. ஆறு வாரம் அதற்குப் போதாது.

தனி வகுப்பு அரை மணி நேரம்தான், கட்டணமோ குழு வகுப்பைவிட அதிகம். ஆனால் பயிற்சியாளரின் ஒரு கை இடுப்பின் பின்புறத்திலும் மறு கை தொடையின் பின்புறத்திலும் இருக்க, ஒவ்வொரு முயற்சியும் கூர்ந்து கவனிக்கப்படுகிறது. வாரக்கணக்கில் யார் கண்ணிலும் படாத பிழை முதல் வகுப்பிலேயே பிடிபட்டது. நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் சாய்ந்து தாவ வேண்டிய இடத்தில் அவள் நேராக மேலே எம்பிக்கொண்டிருந்தாள். தரையைத் தேடும் அவசரத்தில் தலையைப் பின்னுக்கு வீசினாள். அதனால் முழங்கை மடங்கியது. “அப்பா, திரும்பும்போது தரை எங்க இருக்குன்னே தெரியல” என்று அவள் காரில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. தனி வகுப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. தாங்கும் கை பழகிவிட்டால், அது விலகும் நாளில் பயம் இரட்டிப்பாகும். ஆகவே இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு பக்கத்தில் நிற்பது மட்டும் என்று படிப்படியாக விலகும் பயிற்சியாளரா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் ஏர் டிராக்கோ (காற்றடைத்த நீள மெத்தை) டிராம்போலினோ வாங்கிப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. வீட்டு டிராம்போலினைப் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இலேயே வலியுறுத்தியிருக்கிறது. அதோடு, எம்பித் தரும் பரப்பு பிழைகளை மறைத்துவிடுகிறது. கால் போதிய வேகம் தராவிட்டாலும் உடல் எப்படியோ சுற்றி வந்துவிடும். ஜிம்மின் ஸ்பிரிங் ஃப்ளோருக்கும் இது ஓரளவு பொருந்தும். அங்கே பலகைக்கு அடியில் ஸ்பிரிங்குகளும் மேலே நுரை விரிப்பும் இருக்கின்றன. பள்ளியிலோ கூடைப்பந்து ஆடும் மரத்தளத்தின் மேல் மெல்லிய பாய் மட்டுமே இருக்கலாம். ட்ரைஅவுட் எந்தத் தளத்தில் நடக்கிறது என்று கேட்டறிந்து, கடைசி இரண்டு வாரமாவது அதைப் போன்ற தளத்தில் பழகாவிட்டால், ஜிம்மில் வந்தது அங்கே வராது.

நான்காவது வழி, பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கை இந்த ஆண்டு விட்டுவிட்டு, ரவுண்ட் ஆஃபையும் (பக்கவாட்டில் கைகளை ஊன்றிச் சுழன்று, இரு கால்களையும் சேர்த்து இறங்குவது) தாவல்களையும் பிசிறில்லாமல் செய்து காட்டுவது. இதைத் தோல்வி என்று நினைக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இரு கால்களையும் பக்கவாட்டில் விரித்துத் தாவும் டோ டச், ஒரு காலை நீட்டி மறு காலை மடக்கித் தாவும் ஹெர்கி (சியர்லீடிங் முன்னோடி லாரன்ஸ் ஹெர்கிமரின் பெயரைத் தாங்கியது) ஆகியவற்றில், நீட்டும் காலின் முழங்கால் மடங்காமலும் பாதம் நீண்டும் இருப்பதை நடுவர்கள் கவனிக்கிறார்கள். கை மடங்கித் தலையில் இறங்கும் ஒரு பேக் ஹேண்ட்ஸ்பிரிங் மதிப்பெண்ணைப் பறிப்பதோடு கழுத்தையும் ஆபத்தில் தள்ளும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது குறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுவரில் கால் சாய்த்து, முழங்கை மடங்காமல் தலைகீழாகச் சற்று நேரம் நிற்க முடியாத பிள்ளைக்குக் குறைவது பலம். அதை ஆறு வாரத்தில் விலைகொடுத்து வாங்க முடியாது, நான்காவது வழியே சரி. நன்றாக நிற்கிறாள், பயிற்சியாளரின் விரல் பட்டாலே சுற்றி வந்துவிடுகிறாள், தனியே நின்றால்தான் உறைந்துபோகிறாள் என்றால் குறைவது துணிவு. அங்கே தனி வகுப்புக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

என் மகள் இரண்டாவது வகை. வாரம் இரண்டு தனி வகுப்பு என்று நான்கு வாரம் போனோம். ட்ரைஅவுட்டுக்கு இரண்டு வாரம் முன்பு, கெட்டியான பாயில் யார் துணையும் இல்லாமல் மூன்று முறை தொடர்ந்து வந்தால் காட்டுவது, இல்லையேல் ரவுண்ட் ஆஃப் என்று பயிற்சியாளரும் அவளும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். இரண்டு முறை வந்தது, மூன்றாவது முறை கை மடங்கியது. அன்றிரவே அவள் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கைத் தான் செய்து காட்டவிருந்தவற்றிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சமிருந்த நாட்களை ரவுண்ட் ஆஃபுக்கும் டோ டச்சுக்கும் கொடுத்தாள். ட்ரைஅவுட் முடிந்த மறு வாரம், நெருக்கும் தேதி எதுவும் இல்லாததால், அவளைக் குழு வகுப்பில் மறுபடி சேர்த்தேன்.