கஷாயமா, மாத்திரையா, ஊசியா? மழைக்காலச் சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஓர் ஒப்பீடு

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒருவராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருப்பார். மார்கழிப் பனி முடிந்து தை பிறக்கும் வரை இது ஓயாது. இந்தியாவின் பல ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ கூடும். சென்னை, வேலூர் பக்கம் அது வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து ஏறுகிறது. அந்த நாட்களில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். சுக்குக் கஷாயம் குடி என்பார் பாட்டி. மூன்று நாள் அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக் போட்டால் போய்விடும் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ஃப்ளூ ஊசி போட்டாச்சா என்று கேட்பார் குழந்தை மருத்துவர். எதை எடுப்பது, எதை விடுவது?

இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. நோய் வராமல் தடுப்பது ஒரு வேலை, வந்தபின் வலியையும் அடைப்பையும் குறைப்பது வேறு வேலை, கிருமியையே கட்டுப்படுத்துவது இன்னொரு வேலை. கஷாயம் பெரிதா மாத்திரை பெரிதா என்ற சண்டையில் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. அதனால் ஒவ்வொன்றையும் அது செய்வதாகச் சொல்லும் வேலையோடு வைத்து எடைபோட்டிருக்கிறேன்.

வந்திருப்பது எது?

சாதாரணச் சளி மெதுவாக வரும். தொண்டை கரகரப்பு, தும்மல், மூக்கில் நீர். இரண்டு மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். பெரியவர்களுக்குக் காய்ச்சல் அடிப்பது அபூர்வம். இதை 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் உண்டாக்குகின்றன. அவற்றில் ரைனோவைரஸில் மட்டும் 150-க்கு மேல் வகைகள் உண்டு. சளிக்கு இன்றுவரை தடுப்பூசி வராததற்கு இது முக்கியமான காரணம்.

ஃப்ளூ அப்படி மெதுவாக வராது. காலையில் வேலைக்குப் போனவர் மாலைக்குள் 102, 103 டிகிரி காய்ச்சலோடு படுத்துவிடுவார். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கும், வறட்டு இருமல் வரும். காய்ச்சல் விட்டாலும் அசதி இரண்டு வாரம் நீடிக்கலாம்.

நம் ஊர் மழைக்காலத்தில் மூன்றாவதாக ஒன்றையும் யோசித்தே ஆக வேண்டும். அது டெங்கு. கடுமையான காய்ச்சலும் மூட்டு வலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருக்கிறது, ஆனால் மூக்கு ஒழுகலோ இருமலோ பெரிதாக இல்லை என்றால், ஃப்ளூ என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகிய வலி மாத்திரைகள் மூன்றும் வேண்டாம். அவை ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். இந்த ஒரு பத்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

வராமல் தடுப்பதில்

ஃப்ளூ ஊசியைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை, "ஊசி போட்டும் சளி பிடிச்சிடுச்சே" என்பது. பிடிக்கத்தான் செய்யும். அது ஃப்ளூ வைரஸுக்கான ஊசி, ரைனோவைரஸுக்கு அல்ல. ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும் பரிந்துரைக்கிறது. ஊரில் சுற்றும் வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் ஆபத்து 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. நூறு சதவீதம் இல்லைதான். ஆனால் தடுப்புக்கென்று நாம் கையில் வைத்திருக்கும் வேறு எதற்கும் ஃப்ளூவில் இவ்வளவு உறுதியான சான்று கிடையாது. ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் லேசாகவே போகிறது, ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போவது குறைகிறது.

வழக்கமாகப் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஊசியால் ஃப்ளூ வராது. கை வலியும் ஒரு நாள் லேசான காய்ச்சலும் வரலாம். எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் நம் ஊருக்குச் செப்டம்பரிலேயே போட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு ஆண்டும் போட வேண்டும். நாடு தழுவிய இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லாததால் பெரும்பாலும் கையிலிருந்துதான் காசு போகும். எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மை. வீட்டில் ஒருவருக்குத்தான் முடியும் என்றால், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள முதியவருக்கோ கர்ப்பிணிக்கோ போடுங்கள். ஆறு மாதம் முடிந்த சின்னக் குழந்தைகளும் அதே முன்னுரிமைக்கு உரியவர்கள். முதன்முறை போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவைப்படும்.

இதற்கு எதிரில் வைக்கப்படுவது வைட்டமின் சி. இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் 1970-இல் இதைப் பெரிதாக ஆதரித்த பிறகு உலகமே சளிக்கு வைட்டமின் சி மாத்திரையைச் சப்பத் தொடங்கியது. அதன்பின் வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் கிடைத்த விடை: தினமும் எடுத்துக்கொண்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி வரும் எண்ணிக்கை குறையவில்லை. வந்த சளி மட்டும் பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் தீர்ந்தது. ஏழு நாள் சளியில் அது அரை நாள். சளி பிடித்தபின் தொடங்கினால் அந்த அரை நாளும் உறுதியில்லை. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுங்கள், நல்ல உணவு. ஊசிக்கு மாற்றாக மட்டும் நினைக்காதீர்கள்.

நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் நம் ஊரில் பெரிய நம்பிக்கைக்குரியவை. சளி வந்தபின் தொண்டை வலி, இருமல் தணிவதற்கு நிலவேம்பு உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றின் தரம் ஒரே சீராக இல்லை. வராமலே தடுக்கும் என்று சொல்ல அவை போதாது. கர்ப்பிணிகள் சித்த மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

காசு செலவில்லாத வழிகளை நாம் குறைவாக மதிக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 164 பேருக்கு மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் சளி பிடித்தது. ஜப்பானில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் வெறும் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்தவர்களுக்குச் சளித்தொல்லை குறைந்தது. அயோடின் மருந்தால் கொப்பளித்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவுவதும், கூட்டமான பேருந்தில் மாஸ்க் போடுவதும், இருமுபவர் தனியாகப் படுப்பதும் சளி, ஃப்ளூ, கோவிட் எல்லாவற்றுக்கும் சேர்த்தே வேலை செய்யும். ஊசிக்கு இல்லாத பலம் இது.

வந்தபின்: அடுப்படியும் மெடிக்கலும்

சளியைப் பொறுத்தவரை என் ஓட்டு அடுப்படிக்குத்தான். காரணம் பாரம்பரியப் பெருமை அல்ல. எந்த மருந்தும் சளியைக் குணமாக்குவதில்லை, உடம்புதான் அதை விரட்டுகிறது. நமக்குத் தேவை அதுவரை கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதியைக் குறைந்த ஆபத்தில் தருவது எது என்பதுதான் கேள்வி.

மிளகு ரசம், தூதுவளை ரசம், சுக்கு மல்லிக் காபி, கற்பூரவள்ளிச் சாறு என்று சூடாக எதைக் குடித்தாலும் தொண்டை இதமாகிறது. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் செய்த சிறு ஆய்வில், ஒரே பழச்சாற்றைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்கள் மூக்கொழுகல், இருமல், தொண்டை வலி, குளிர், அசதி எல்லாமே குறைந்ததாகச் சொன்னார்கள். ஆக, சூட்டுக்கே பாதிப் புண்ணியம் உண்டு. கூடவே நீர்ச்சத்தும் உப்பும் உடம்பில் சேர்கின்றன.

அடுப்படிப் பக்கத்தில் எனக்குத் தயக்கம் இருப்பது ஆவி பிடிப்பதில். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் அந்த நேரத்துக்கு மூக்கு திறப்பது போல இருக்கும். ஆனால் சளி சீக்கிரம் தீர்கிறது என்று ஆய்வுகளில் சீராகத் தெரியவில்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடையிலும் வயிற்றிலும் வெந்துபோகும் குழந்தைகளின் கதை உலகம் முழுக்க மருத்துவமனைகளில் உண்டு. பெரியவர்கள் கவனமாகப் பிடிக்கலாம், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கற்பூரத் தைலத்தைக் கைக்குழந்தையின் மார்பில் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம். அப்புறம், தயிர், பால், வாழைப்பழம் தொடக்கூடாது என்று குழந்தையைப் பட்டினி போடுவது. பால் குடித்தால் சளி கூடும் என்பதற்குச் சான்று இல்லை. பசியே எடுக்காத நேரத்தில் குழந்தை கேட்பதைக் கொடுங்கள்.

இனி மெடிக்கல். "சளிக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்றால் கிடைப்பது பெரும்பாலும் கலவை மாத்திரை. அதில் பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின் மூன்றும் இருக்கும். மூக்கடைப்புக்காகச் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரின் வாய்வழியாக எடுத்தால் பலன் தருவதில்லை என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலும் உத்தரவு வந்தது. குளோர்ஃபெனிரமைன் தூக்கத்தைக் கொண்டுவரும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. இன்னொரு சிக்கல்: இந்தக் கலவையோடு தனியாக டோலோ 650-ஐயும் விழுங்குபவர்கள் இரட்டிப்பாகப் பாராசிட்டமால் எடுக்கிறார்கள். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராம்தான் உச்ச வரம்பு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மது குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு. காய்ச்சலும் வலியும் இருந்தால் தனிப் பாராசிட்டமால் போதும், கலவை வேண்டாம் என்பதே என் முடிவு.

மூக்கடைப்புக்குச் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்துகள் உண்மையிலேயே சில நிமிடங்களில் வேலை செய்கின்றன. ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஐந்து நாளுக்கு மேல் போனால் மருந்து இல்லாமல் மூக்கு திறக்காது என்ற நிலை வந்துவிடும். மெடிக்கலிலேயே கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மெதுவானது, ஆனால் கைக்குழந்தைக்கும் போடலாம், பழக்கமாகாது. இரவில் தூங்கவே முடியாதவர் இரண்டு மூன்று நாள் முதல் வகையைப் பயன்படுத்தலாம், மற்றபடி உப்புநீரே மேல்.

இருமலுக்குத் தேனா சிரப்பா என்றால் யோசிக்கவே வேண்டாம், தேன். படுக்கப் போகும் முன் ஒரு டீஸ்பூன். ஒரு வயது முடியாத குழந்தைக்கு மட்டும் கொடுக்கவே கூடாது, பொட்டுலிசம் என்ற கொடிய நோய் வரும் அபாயம் உண்டு. சிரப்பைப் பற்றிச் சொல்லும்போது மனது கனக்கிறது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையடுத்து மத்திய அரசு, இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகவே தவிர்க்கலாம் என்றும் அறிவுறுத்தியது. தானாகவே தீரும் இருமலுக்காக எந்தக் குழந்தையும் இந்த ஆபத்துக்குள் போகக்கூடாது.

அசித்ரோமைசின், அமாக்ஸிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இந்த ஒப்பீட்டில் இடம்பெறவே தகுதியில்லாதவை. வைரஸை அவை எதுவும் செய்யாது. மூன்று நாள் மாத்திரை முடியும்போது சளியும் குறைவது, அது குறையும் காலம் வந்துவிட்டதால்தான். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியது என்பதும் காரணமாகாது. காய்ச்சல் விட்டுத் திரும்ப ஏறினால், பத்து நாளாகியும் குறையவில்லை என்றால், காது வலித்தால் அப்போது மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஃப்ளூவுக்கு மட்டும் ஒரு நேரடி மருந்து இருக்கிறது, ஒசெல்டாமிவிர். எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் பரவிய 2009-இலிருந்து நம் ஊரில் பலருக்கும் இந்தப் பெயர் தெரியும். ஆரோக்கியமான பெரியவருக்கு இது மிச்சப்படுத்துவது ஒரு நாளுக்கும் குறைவு. குமட்டல், வாந்தி வேறு வரலாம். அதனால் இளைஞர்கள் ரசமும் பாராசிட்டமாலும் ஓய்வுமாகக் கடந்துவிடலாம். ஆனால் கர்ப்பிணி, முதியவர், நீரிழிவு அல்லது நுரையீரல் நோய் உள்ளவர், சின்னக் குழந்தை ஆகியோருக்குக் கணக்கு வேறு. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று கஷாயத்தோடு காத்திருப்பது இவர்களுக்கு மட்டும் சரிவராது, முதல் நாளே மருத்துவரிடம் போக வேண்டும்.

யாராக இருந்தாலும் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சு குழம்பினால், ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழ் காட்டினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். மூச்சு விடும்போது குழந்தையின் விலா உள்ளே இழுத்தாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அப்படித்தான். வண்டி இல்லையென்றால் 108.